ஏபி வகுப்பா, டூயல் கிரெடிட்டா? வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும்

மல்லிகைப்பந்தல் | டல்லாஸ் பக்கம் | செவ்வாய் இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வருடப் பாடத் தேர்வுப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் கொடுக்க வேண்டும். அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு வாரமாகத் தொங்குகிறது. நானும் அவள் அப்பாவும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பால் எடுக்கிறோம், கையெழுத்து மட்டும் போடவில்லை.

அமெரிக்க வரலாறு, ஆங்கிலம், கால்குலஸ் மூன்றையும் ஏபி வகுப்பாகவும் எடுக்கலாம், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜோடு (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) சேர்ந்து நடத்தும் டூயல் கிரெடிட்டாகவும் எடுக்கலாம். ஏபி என்றால் பள்ளியிலேயே காலேஜ் தரத்தில் ஒரு வகுப்பு, மே மாதம் காலேஜ் போர்டு என்ற தேசிய அமைப்பின் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். டூயல் என்றால் அந்தத் தேர்வு கிடையாது, பாஸானால் காலேஜ் கிரெடிட், அதாவது பட்டப் படிப்பில் கழித்துக்கொள்ளும் பாடக் கணக்கு, கையில். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கவுன்சிலர் "இரண்டுமே நல்லதுதான்" என்று சிரிக்கிறார். கோயிலில் பார்த்த ஒரு அக்கா, ஏபி இல்லாவிட்டால் நல்ல காலேஜை மறந்துவிடு என்றார். அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டே டூயல்தான் காசு மிச்சம் என்றார். நாங்கள் இருவரும் பிளஸ் டூ எழுதி, கட் ஆஃப் பார்த்து, கவுன்சிலிங் ஹாலில் திரையைப் பார்த்துச் சீட் எடுத்தவர்கள். இந்த ஊர்க் கணக்கு பிடிபடவில்லை. மகளுக்கு என்ன படிப்பது என்று இன்னும் முடிவில்லை. ஒரு வாரம் டாக்டர், மறு வாரம் ஆர்க்கிடெக்ட். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்பிறை | நியூ ஜெர்சி | செவ்வாய் இரவு 10:52

ஏபி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கரிசல்காட்டான் | ஆஸ்டின் | செவ்வாய் இரவு 11:30

யோசிக்கத்தானே அவர் இழையே திறந்திருக்கிறார்!

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லுங்கள். மகள் டெக்சஸ் அரசுப் பல்கலையில் சேர வாய்ப்பு அதிகமா, வெளியே போக ஆசையா? விடை பாதி அங்கேயே இருக்கிறது.

டெக்சஸுக்குள் என்றால் டூயல் கிரெடிட் கெட்டியான காசு. இங்கே எல்லா அரசுப் பல்கலைகளுக்கும் பொதுவான அடிப்படைப் பாடத்திட்டம் இருக்கிறது, மொத்தம் 42 கிரெடிட் மணி. கம்யூனிட்டி காலேஜ்களில் பாட எண்ணும் ஒன்றே. வரலாறு 1301 என்றால் ஹூஸ்டனிலும் அதுதான், எல் பாசோவிலும் அதுதான். அந்த 42-க்குள் வரும் பாடத்தைச் சி-யோ அதற்கு மேலோ வாங்கி முடித்திருந்தால் இன்னொரு அரசுப் பல்கலை அதைத் தள்ளிவிட முடியாது.

ஏபிக்கும் சட்டம் உண்டு. 2015-ல் வந்தது. 3 வாங்கினால் அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும், அதற்கு மேல் கேட்பதென்றால் ஏன் என்று ஆதாரம் காட்ட வேண்டும். ஆனால் 3 வந்தால்தானே? ஒரு வருடப் படிப்பு மூன்று மணி நேரத் தேர்வில் தொங்குகிறது. என் பையனுக்குத் தேர்வன்று காய்ச்சல். வருடம் முழுக்க ஏ வாங்கியவன், தேர்வில் 2.

இன்னொரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. டெக்சஸ் அரசுப் பல்கலையில் பட்டம் வாங்க மாநில அரசியல் சட்டமும் படித்திருக்க வேண்டும். ஏபி அரசியல் பாடம் தேசம் முழுமைக்குமானது, அதில் டெக்சஸ் கிடையாது. பிள்ளை 5 வாங்கியிருந்தாலும் அந்தக் குறையைத் தனியாக அடைக்க வேண்டியிருக்கும். டூயலில் கூட்டாட்சி அரசு 2305, டெக்சஸ் அரசு 2306 இரண்டையும் பன்னிரண்டாம் வகுப்பிலேயே முடித்துவிடலாம்.

மூன்றாம்பிறை | நியூ ஜெர்சி | புதன் காலை 7:05

அண்ணா, நீங்கள் டெக்சஸைச் சுற்றி வேலி போட்டுவிட்டு உள்ளே நின்று பேசுகிறீர்கள். பிள்ளை வெளியே போனால்? தனியார் பல்கலைகள் பலவும், உயர்நிலைப் பள்ளிப் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்த காலேஜ் பாடத்துக்குக் கிரெடிட் தருவதில்லை. பள்ளிக் கட்டடத்திலேயே நடந்த பாடம் என்றால் இன்னும் யோசிப்பார்கள். ஏபி 5 என்றால் மெய்னிலும் 5, கலிஃபோர்னியாவிலும் 5. அட்மிஷன் ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் ஊர்க் கம்யூனிட்டி காலேஜ் எப்படி என்று எங்கே தெரியும்?

கரிசல்காட்டான் | ஆஸ்டின் | புதன் காலை 7:20

அட்மிஷனுக்கும் கிரெடிட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மவுத் 2014-ல் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து நிறுத்திவிட்டது, மேல் வகுப்பில் உட்கார மட்டும் உதவும். 5-ஐ ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாம்பிறை | நியூ ஜெர்சி | புதன் காலை 7:31

கிரெடிட் தராவிட்டாலும் கடினமான வகுப்பு எடுத்தாளா என்று பார்க்கிறார்களே. நான் சொன்னது அதைத்தான்.

வேதியியல்_டீச்சர் | ஹூஸ்டன் | புதன் மாலை 5:48

சண்டை வேண்டாம். பதினோரு வருடமாக ஏபி கெமிஸ்ட்ரி நடத்துகிறேன், அதனால் என் பேச்சில் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"கடினம்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. ஏபி ஆசிரியர் தன் பாடத்திட்டத்தைக் காலேஜ் போர்டுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். விடைத்தாளை வெளியாள் திருத்துகிறார். அதனால் என் வகுப்பில் நான் தாராளமாக ஏ போட்டாலும் மே மாதத் தேர்வு என் சாயத்தை வெளுத்துவிடும். டூயலில் அந்த வெளிக்கண் இல்லை. பாடம் நடத்துபவரே மதிப்பெண் போடுகிறார். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் அவருக்குப் பாடம் சார்ந்த முதுகலை அளவில் 18 கிரெடிட் மணி இருக்க வேண்டும் என்பது அங்கீகார அமைப்பின் எதிர்பார்ப்பு, எனவே ஆள் தகுதியில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பாட எண், இரண்டு பள்ளி, இரண்டு உலகம். ஒரு இடத்தில் வாரம் ஒரு கட்டுரை எழுதிப் பிள்ளைக்கு விரல் தேய்கிறது. இன்னொரு இடத்தில் பவர்பாயிண்ட் போட்டு வண்ணம் தீட்டினால் ஏ.

படிவம் கொடுப்பதற்கு முன்னால் கவுன்சிலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். டூயலை யார் நடத்துகிறார், நம் பள்ளி ஆசிரியரா, காலேஜ் பேராசிரியரா, ஆன்லைனா? உங்கள் பள்ளி மாவட்டத்தில் ரேங்க் கணக்கில் ஏபிக்கும் டூயலுக்கும் ஒரே வெயிட்டா? சில மாவட்டங்கள் சமமாகத் தருகின்றன, சில டூயலுக்குக் குறைக்கின்றன. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலையில் தானாக இடம் கிடைக்க 2026 சேர்க்கையிலிருந்து வகுப்பில் முதல் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் 6. உங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அந்த எல்லைக்கோட்டில் பாதி நம் பிள்ளைகள்தான் நிற்கிறார்கள், தெரியாதா என்ன.

மல்லிகைப்பந்தல் | டல்லாஸ் பக்கம் | புதன் இரவு 9:15

நன்றி டீச்சர். இன்று கேட்டுவிட்டேன். ரேங்கில் இரண்டுக்கும் ஒரே வெயிட். வரலாறு, ஆங்கிலம் டூயலைப் பள்ளி ஆசிரியர்களே நடத்துகிறார்கள். கால்குலஸ் டூயல் மட்டும் காலேஜ் வளாகத்தில், மாலை நேரம். வெளியூர் காலேஜ் ஆசை இருக்கிறது, பணம் இல்லை. அதனால் அண்ணா சொன்ன வேலிக்குள்தான் இருப்போம் என்று நினைக்கிறேன்.

கொடுமுடி_அம்மா | சான் அன்டோனியோ | புதன் இரவு 11:58

எல்லோரும் கிரெடிட் கிடைக்குமா கிடைக்காதா என்றே பேசுகிறீர்கள். கிரெடிட்டோடு கூடவே வரும் இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காலேஜ் பெயர் வேண்டாம்.

பெரியவன் பதினோராம் வகுப்பில் பயாலஜியை டூயலாக எடுத்தான். ஆன்லைன், எட்டே வாரம். ஒரு செமஸ்டர் பாடத்தை எட்டு வாரத்தில் அடைத்தால் எப்படி இருக்கும், சூட்கேஸ் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப் போடுவது போல. ஞாயிறு இரவு 11:59-க்கு லேப் ரிப்போர்ட் ஏற்ற வேண்டும். இரண்டு ஞாயிறு ரோபோட்டிக்ஸ் போட்டியில் போனது. இரண்டு பூஜ்யம். எங்களிடம் மூச்சு விடவில்லை. பள்ளி மதிப்பெண் பார்க்கும் ஆப்பில் காலேஜ் பாடம் காட்டாது, அந்த இடம் காலியாகவே இருக்கும். நானும் "இன்னும் போடவில்லை போல" என்று இருந்துவிட்டேன்.

ஆறாவது வாரம் எப்படியோ தெரிந்தது. பேராசிரியருக்கு மெயில் எழுதினேன், மரியாதையாக, மூன்று பத்தி. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. உங்கள் மகன் என் மாணவர், அவர் அனுமதி இல்லாமல் அவரைப் பற்றி உங்களிடம் பேச இயலாது என்று இரண்டே வரி. பதினாறு வயதுப் பையன்! கேரேஜில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 1974-ஆம் வருடச் சட்டமாம். பிள்ளை காலேஜில் கால் வைத்த நாளிலிருந்து, வயது என்னவானாலும், அங்கே அவன் பதிவேட்டுக்கு அவன்தான் சொந்தக்காரன். பேராசிரியர் மேல் தப்பில்லை. என்னிடம் இதை முன்னாலேயே யாரும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசி நாளும் அதற்கு முந்தின வெள்ளியோடு போய்விட்டது. சி வாங்கினான்.

அரசுப் பல்கலையில் இடம் கிடைத்தது, அதனால் மறந்தும் விட்டோம். இரண்டாம் வருடத்தில் மெடிக்கல் விண்ணப்பம் பற்றி அறிவுரையாளரைப் பார்க்கப் போனான். எம்.டி. படிப்புக்குப் பொது விண்ணப்பம் வாங்கும் அமைப்பு, இதுவரை படித்த ஒவ்வொரு காலேஜின் டிரான்ஸ்கிரிப்டையும் (மதிப்பெண் பட்டியல்) கேட்கிறது. பள்ளியில் இருக்கும்போது எடுத்த காலேஜ் பாடமும் அதில் சேர்த்தி. அவன் காலேஜ் வாழ்க்கையின் முதல் வரி அந்த சி. அதுவும் பயாலஜியில்.

இதே பையன் அதே வருடம் ஏபி தேர்வு ஒன்றில் 2 வாங்கினான். இன்றுவரை அந்த 2-ஐப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. நாமாக அனுப்பினால்தான் அது போகும்.

மூன்றாம்பிறை | நியூ ஜெர்சி | வியாழன் காலை 6:50

அக்கா, படித்துவிட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

கொடுமுடி_அம்மா | சான் அன்டோனியோ | வியாழன் காலை 7:40

நன்றாக இருக்கிறான் ப்பா. அதற்குப் பிறகு எடுத்த பயாலஜி எல்லாம் ஏ. கேட்டால் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம் என்கிறான். நான்தான் இன்னும் அந்த கேரேஜில் உட்கார்ந்திருக்கிறேன்.

கரிசல்காட்டான் | ஆஸ்டின் | வியாழன் காலை 8:10

கொடுமுடி அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஏபியிலும் வகுப்பு மதிப்பெண் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் ஏறும், அதை மறைக்க முடியாது, ஆனால் பள்ளியோடு முடிந்துவிடும். டூயலில் விழுந்த சி, நம் ஊர் அரியர் மாதிரிகூட இல்லை. அரியரை மறுபடி எழுதி முடித்துவிடலாம், இது ஒட்டிக்கொண்டே வரும்.

அதற்காக டூயலே வேண்டாம் என்று போகாதீர்கள். ஆஸ்டின் பல்கலை நடத்தும் ஆன்ராம்ப்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பள்ளியில்தான் வகுப்பு, காலேஜ் மதிப்பெண்ணைத் தனியாகப் பல்கலைப் பக்கம் போடுகிறார்கள். அதைப் பார்த்த பிறகு கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளையே முடிவு செய்யலாம். உங்கள் பள்ளியில் இருந்தால் விசாரியுங்கள்.

விரிகுடாவாசி | ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா | வியாழன் காலை 10:25

எங்கள் பக்கக் கதை வேறு, ஆர்வமுள்ளவர்களுக்காக மட்டும். இங்கே பள்ளிப் பிள்ளைகள் கம்யூனிட்டி காலேஜில் படிக்கக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கு மாறக்கூடிய காலேஜ் பாடம் என்றால் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கணக்கில் ஏபிக்குத் தரும் அதே கூடுதல் புள்ளி இதற்கும் உண்டு. அதோடு ஒரு செமஸ்டர் காலேஜ் பாடம் பள்ளியின் ஒரு வருடப் பாடத்துக்குச் சமம். அதனால் எங்கள் தெருப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஸ்பானிஷை காலேஜில் முடித்துவிட்டு வருகிறார்கள். கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டருக்கு மேல் எண்ணப்படாது என்பது தெரியாமல் பதினைந்து ஏபி எடுத்த பிள்ளைகளும் இதே தெருவில் இருக்கிறார்கள்.

பாலாற்றுமீன் | டென்டன் | வியாழன் மதியம் 1:12

எங்கள் வீட்டுக் கணக்கு இன்னொரு மாதிரி. எச்-4 பிள்ளை, அதாவது எங்கள் வேலை விசாவை ஒட்டி வந்த விசா. கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று கடவுளுக்கே தெரியாது. ஆகஸ்டில் பிறந்தவள், பதினேழு வயதில் பள்ளி முடிப்பாள். நான்கு வருடம் படித்தால் கடைசி வருடம் தொடங்கும்போது 21 ஆகிவிடும், எங்கள் விசாவிலிருந்து கழன்றுவிடுவாள். தனியாக எஃப்-1 மாணவர் விசா எடுக்க வேண்டும், அதன்பின் கட்டணம் உள்ளூர்க் கணக்கா, வெளிநாட்டுக் கணக்கா என்பது பல்கலையைப் பொறுத்தது. கூட்டாட்சி அரசின் கல்வி உதவியும் எங்களுக்கு இல்லை. முப்பது கிரெடிட் மணியோடு உள்ளே போனால் மூன்றே வருடத்தில், இருபது வயதில் முடிக்கலாம். அதனால் டூயலில் கிடைத்ததையெல்லாம் அள்ளினோம். பட்டத்துக்குத் தேவையான பாடமா என்று மட்டும் பார்த்து அள்ளினோம். சும்மா சேர்ந்த கிரெடிட், வீட்டில் சும்மா சேர்ந்த சில்வர் பாத்திரம் மாதிரி. பரணில் கிடக்கும்.

வேதியியல்_டீச்சர் | ஹூஸ்டன் | வியாழன் மாலை 6:20

பாலாற்றுமீன் சார், இதை வகுப்பில் இருக்கும் எங்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. ஏன் இந்தப் பிள்ளை இப்படி அவசரப்படுகிறது என்று நினைத்திருக்கிறேன்.

கட்டணம் பற்றி ஒரு வரி. ஏபி தேர்வு ஒன்றுக்கு ஏறத்தாழ 100 டாலர், பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும். டெக்சஸில் 2023-லிருந்து, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல கம்யூனிட்டி காலேஜ்களில் டூயல் இலவசம். தகுதி இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

சுண்டல்பொட்டலம் | காலேஜ் இரண்டாம் வருடம், இன்ஜினியரிங் | வியாழன் இரவு 11:47

வணக்கம். அம்மா இந்த இழையை வாட்ஸாப்பில் அனுப்பினாங்க. தமிழ்ப் பள்ளி எட்டாம் நிலை வரைதான் படித்தேன், தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

நான் இரண்டையும் எடுத்தேன். வரலாறு, அரசியல் டூயல், ஏ வந்தது, காலேஜில் அந்த வகுப்புப் பக்கமே போகவில்லை, சந்தோஷம். கால்குலஸ் ஒன்று டூயல். அதுவும் ஏ. அதனால் காலேஜில் நேராகக் கால்குலஸ் இரண்டில் போட்டார்கள். முதல் வாரத்தில் பேராசிரியர் ஒரு இன்டக்ரலைப் பலகையில் எழுதி, "இது உங்களுக்குத் தெரியும்" என்று தாண்டிப் போனார். எனக்குத் தெரியாது. எங்கள் டூயல் வகுப்பில் கடைசி அத்தியாயத்துக்கு நேரமே இல்லை. பக்கத்து சீட் பையன் ஏபி கால்குலஸ் பிசி, ஏபியில் இருக்கும் இரண்டு கால்குலஸில் பெரியது. அவனுக்குத் தொடர் வரிசைகூடத் தெரிந்திருந்தது. ஏபியில் மே மாதத்துக்குள் எல்லா அத்தியாயமும் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் தேர்வில் மாட்டிக்கொள்வார்கள்.

அவனுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. வேண்டுமென்றால் ஏபி கிரெடிட்டை வாங்காமல் கால்குலஸ் ஒன்றிலிருந்தே தொடங்கலாம். என் ஏ ஏற்கெனவே டிரான்ஸ்கிரிப்டில் உட்கார்ந்திருந்தது, பின்னால் போக முடியவில்லை. யூடியூபில் படித்து பி வாங்கினேன்.

அதனால் மேலே படி கட்டப் போகிற பாடத்தை ஏபியில் எடுக்கச் சொல்லுங்கள். அதோடு முடிகிற பாடம் என்றால் டூயல் போதும். அப்புறம், ஆன்ட்டி, அவளிடம் கேட்டீர்களா?

மல்லிகைப்பந்தல் | டல்லாஸ் பக்கம் | வெள்ளி காலை 6:35

கடைசிக் கேள்வி சுருக்கென்று குத்திவிட்டது தம்பி. உன் தமிழில் தப்பே இல்லை.

நேற்று இரவே கேட்டிருக்க வேண்டும், இன்று காலை தோசை ஊற்றும்போதுதான் கேட்டேன். நானும் அவரும் போட்ட கணக்கு இது: கால்குலஸ், ஆங்கிலம் ஏபி, வரலாறு டூயல். டாக்டரானாலும் ஆர்க்கிடெக்ட் ஆனாலும் கணக்கு கெட்டியாக இருக்கட்டும், வரலாறு அடிப்படைப் பாடத்தில் கழிந்துவிடட்டும் என்று. அவள் தட்டிலிருந்து தலை தூக்காமல், "வரலாறு ஏபி. அந்த டீச்சர் பழைய கடிதம், கார்ட்டூன் எல்லாம் கொடுத்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்வாராம்" என்றாள். ஆங்கிலத்தை டூயலாக எடுக்கிறாளாம். எப்படியும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், அதில் சி வராது என்றாள். கொடுமுடி அக்கா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, காலேஜ் மதிப்பெண் பக்கத்தின் பாஸ்வேர்டை எனக்குத் தருவதாகச் சொன்னாள். அவளாகச் சொன்னது, நான் கேட்கவில்லை.

கால்குலஸ் ஏபி. அதில் மூவருக்கும் ஒரே எண்ணம். கையெழுத்துப் போட்டாயிற்று.

இப்போது புதுக் கவலை. டூயலுக்கு டிஎஸ்ஐ என்று ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டுமாமே?

கரிசல்காட்டான் | ஆஸ்டின் | வெள்ளி காலை 7:02

ஆமாம். எஸ்ஏடி என்ற காலேஜ் சேர்க்கைத் தேர்வில் போதிய மதிப்பெண் இருந்தால் தேவையில்லை, அதற்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி மதிப்பெண்ணையும் கவுன்சிலரிடம் காட்டிப் பாருங்கள். எழுத வேண்டி வந்தாலும் பயமில்லை. நேரக் கட்டுப்பாடு கிடையாது, கட்டுரை ஒன்று உண்டு. என் பையன் சாப்பிடாமல் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். வயிறு நிறைய அனுப்புங்கள்.